இருத்தலின் இலக்கணம்: ஊரைவிட்டுப் போகாதவர்கள் பற்றிச் சில குறிப்புகள்

1

'பையன் என்ன பண்றான்?'
'ஊர்லதான் இருக்கான்.'

இந்த இரண்டு வரி உரையாடலைக் கேட்காத தமிழர் யாரும் இருக்க முடியாது. பதிலில் ஒரு தொழிலின் பெயர் இல்லை, ஒரு இடத்தின் பெயர்தான் இருக்கிறது. ஆனாலும் கேட்டவருக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது. பையனுக்கு வேலை இல்லை, அல்லது இருக்கிற வேலை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 'சென்னையில் இருக்கான்' என்றால் அது ஒரு தகவல். 'ஊரில் இருக்கான்' என்றால் அது ஒரு தீர்ப்பு. 'கெட்டும் பட்டணம் சேர்' என்று பழமொழி வைத்திருக்கிற சமூகம் இது. கெட்டாலும் பட்டணத்தில் போய்க் கெடு என்கிறது. கெடாமல் ஊரிலேயே இருப்பவனைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நகரவாசிகள் 48.4 சதவீதம். பாதியை நெருங்கியாயிற்று என்று அறிஞர்கள் வியக்கிறார்கள். சரி. மிச்சமிருக்கும் 3 கோடியே 72 லட்சம் பேரில் இளைஞர்களும் இருந்தார்கள்தானே? அவர்களைப் பற்றிய சொல்லாடல் நம்மிடம் என்ன இருக்கிறது? புலம்பெயர்ந்தவர்கள் பற்றி ஆய்வு இருக்கிறது, கவிதை இருக்கிறது, கருத்தரங்கம் இருக்கிறது. போகாதவன் ஆய்வுப் பொருளாக மாட்டேன் என்கிறான். போவதற்குக் காரணம் கேட்கிறோம், இருப்பதற்குக் காரணம் கேட்பதில்லை. மரம் ஏன் அசையவில்லை என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அப்படி.

கேட்கத் தொடங்கினால் கேள்வியே சிக்கலானது என்று தெரிகிறது. 'இளைஞர்கள் ஏன் கிராமத்தில் இருக்கத் தேர்ந்தெடுக்கிறார்கள்?' என்ற வாக்கியத்தில் 'தேர்ந்தெடுக்கிறார்கள்' என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? யாருக்கு அந்தத் தேர்வு கொடுக்கப்பட்டிருக்கிறது? இந்தக் கட்டுரை அந்த ஒரு வினைச்சொல்லைச் சுற்றித்தான் போகிறது.

2

நம் பழைய இலக்கணத்தில் இதற்கு ஒரு இடம் உண்டு. பாலைக்கு உரிப்பொருள் பிரிதல். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். போவதும் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிராக, இரண்டு நிலங்களாகவே வகுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் இந்த 'இருத்தல்' யாருடையது? தலைவியுடையது. அவள் ஆற்றியிருக்கிறாள், அதாவது போனவன் வரும் வரை பொறுத்திருக்கிறாள். பொருள் தேடப் போவது, போருக்குப் போவது, ஓதப் போவது, தூது போவது எல்லாம் ஆணின் வினைகள். கடல்கடந்த பயணத்தில் பெண்ணைக் கூட்டிப் போகும் வழக்கம் இல்லை என்றும் தொல்காப்பியம் சொல்லிவிடுகிறது. உடன்போக்கில் அவள் போகிறாள், ஆனால் அவனோடுதான் போகிறாள்.

ஆக, நம் கவிதையியலில் இருத்தல் தனித்து நிற்கும் செயலாக இல்லை. அது பிரிவின் நிழல். போனவன் இருப்பதால்தான் இருப்பவளுக்கு அர்த்தம். இருப்பது செயலின்மை, பெண்மை, காத்திருப்பு. இன்று 'ஊர்லதான் இருக்கான்' என்று சொல்லும்போது குரலில் ஏறும் சிறு கூச்சம் இந்த நீண்ட மரபிலிருந்து வருகிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் தங்கிவிட்ட ஆணை 'பொம்பள மாதிரி வீட்டோட கெடக்கான்' என்று ஏசுவதைக் கேட்டவர்களுக்கு இது மிகையாகப் படாது.

3

அப்படியானால் தமிழ்ப் பிரதிகளில் ஊரில் தங்கும் இளைஞனே இல்லையா? இருக்கிறான், மீசையோடு இருக்கிறான்.

1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் படித்துவிட்டு வருகிறவன் பட்டணத்தில் உணவகங்கள் தொடங்க ஆசைப்படுகிறான். அப்பா அவனை ஊரில் இருக்கச் சொல்கிறார். கடைசியில் அவன் இருக்கிறான். இருப்பது இங்கே செயலின்மை ஆகவில்லை, தியாகமாகிறது. ஏன்? அவனுக்குப் போக இடம் இருந்தது. பணம் இருந்தது, படிப்பு இருந்தது, நகரத்துக் காதலி இருந்தாள். இவ்வளவையும் விட்டுவிட்டு இருந்ததால் அது 'தேர்வு'. ஆனால் அவன் தங்கியது எங்கே? ஊரிலா? அப்பாவின் நாற்காலியில். சாதித் தலைமை என்ற காலியிடத்தை நிரப்பத்தான் அவன் தங்குகிறான். அந்த இடம் அவனை அரிவாள் எடுக்க வைத்துச் சிறைக்கு அனுப்புகிறது என்பதையும் படமே சொல்லிவிடுகிறது. சும்மா சொல்லக் கூடாது, தன் நாயகனின் தேர்வு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பற்றி அந்தப் படத்துக்கு ஒரு கலக்கம் இருந்தது.

கால் நூற்றாண்டு கழித்து 2018-இல் வந்த 'கடைக்குட்டி சிங்கம்' படத்தில் அந்தக் கலக்கமும் போய்விட்டது. நாயகன் விவசாயி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். நிலம், பெரிய குடும்பம், அக்காமார்கள், மாடுகள், பாசம். விவசாயி என்ற சொல்லுக்குப் பின்னால் நிற்கும் நிலவுடைமை அங்கே இயற்கை போல, மழை வெயில் போல, காரணம் கேட்கத் தேவையில்லாததாக இருக்கிறது. அந்த வயலில் நடவு நடுகிறவர்களுக்கும் இளவயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் ஊரில் இருப்பது பெருமையா, கதியற்றதா? படம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இதே ஆண்டில்தான் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யும் வந்தது. ஏலக்காய் மூட்டை சுமக்கிற ஒருவன் ஒரு துண்டு நிலம் வாங்க ஆசைப்படுகிறான். ஆசையே அவ்வளவுதான், பிறந்த மண்ணில் ஒரு துண்டு. படாத பாடுபட்டு வாங்குகிறான், பிறகு கடனில் இழக்கிறான். கடைசியில் அதே நிலத்தில் எழும்பி நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். அவனும் ஊரைவிட்டுப் போகவில்லை. நிலம்தான் அவனை விட்டுப் போய்விட்டது. பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) நாவலிலும் இந்த விபத்து உண்டு: குடியிருப்புக் காலனிக்காக நிலம் பறிபோன பிறகு குடும்பம் சிதைகிறது. ஊர் அதே இடத்தில் இருக்க, அவர்களுக்கு ஊர் இல்லாமல் போகிறது. இருப்பதும் போவதும் கால் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை என்பதை இந்த இரண்டு பிரதிகளும் சொல்கின்றன.

2024-இல் வந்த 'மெய்யழகன்' இந்த வரிசையில் சுவாரசியமானது. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், ஆண்டுகள் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வருகிறார். ஊரில் இருக்கும் ஒரு இளைஞன் 'அத்தான் அத்தான்' என்று விடாமல் ஒட்டிக்கொள்கிறான். வந்தவருக்கு அவன் பெயர் நினைவில்லை. படம் முழுக்க அவன் பெயர் தெரியாமலேயே அவனோடு சாப்பிடுகிறார், குடிக்கிறார், தூங்குகிறார். என்னைக் கேட்டால் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் உள்ள உறவைத் தமிழ் சினிமா இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. போனவனுக்கு இருந்தவனின் பெயர் தெரியாது. இருந்தவனுக்குப் போனவனைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் படம் இந்த இடத்தில் கூர்மையாவதற்குப் பதில் உருகிவிடுகிறது. இருந்தவன் போனவனுக்கு நன்றி சொல்கிறான். அவர் விட்டுப்போன சைக்கிள் தன் குடும்பத்தையே தூக்கிவிட்டது என்கிறான். கோபம் இல்லை, கேள்வி இல்லை, பொறாமைகூட இல்லை. இருப்பவன் ஒரு முழு மனிதனாக வருவதற்குப் பதிலாகப் போனவனின் காயத்துக்கு மருந்தாக வருகிறான். முல்லையின் தலைவி மீசை வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

4

பிரதியை விட்டுக் கொஞ்சம் ஊருக்குப் போவோம். எங்கள் ஊர் விருத்தாசலத்துக்குத் தெற்கே. முந்திரிக் காடு, மானாவாரி, கொஞ்சம் கரும்பு. அண்ணன் முறையில் ஒருவரின் மகன் பாலிடெக்னிக் முடித்து, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் மூன்று வருடம் இருந்தவன். 'பயிற்சி' முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது ஊரில் குட்டி யானை ஓட்டுகிறான், முந்திரிக் காடு குத்தகைக்கு எடுக்கிறான். நான் ஊருக்குப் போயிருந்தபோது, பட்டணத்து ஆள் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன். திரும்பப் போகலையா?

'போயி? பன்னண்டாயிரம் குடுப்பான் சித்தப்பா. ரூமுக்கு, சோத்துக்குப் போக கையில நாலு நிக்கும். இங்க வூட்டு வாடகை கெடையாது, அரிசி கெடையாது. அம்மாவுக்கு முட்டி வலி. நைட்டு ஒரு அவசரம்னா யாரு கூட்டிப் போறது? ஊரு புடிச்சிருக்கு, பெரும அது இதுன்னு சொன்னா நம்பாதீங்க. கணக்குப் போட்டுத்தான் இருக்கேன்.'

கணக்கு என்ற அந்தச் சொல்லை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஊர்ப்பாசம் என்ற கதையாடலையும், சோம்பேறித்தனம் என்ற வசையையும் அது ஒரே அடியில் தள்ளிவிடுகிறது. ஆனால் அந்தக் கணக்கில் உள்ள எண்கள் தானாக வந்தவை இல்லை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். தமிழ்நாட்டில் எல்லாக் குடும்பத்துக்கும் ரேஷன் அட்டை உண்டு என்ற ஏற்பாடு பல மாநிலங்களில் இல்லாதது. 2006-இல் தொடங்கிய நூறு நாள் வேலைத் திட்டம் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் 80 சதவீதத்துக்கும் மேல் பெண்களின் உழைப்பில் நடந்தது. வீட்டில் அம்மா கையில் கொஞ்சம் காசு புழங்கியதால் பண்ணைக்காரர் சொன்ன கூலிக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்தது. 'ஆள் கிடைக்கலை' என்று நிலவுடைமையாளர்கள் அன்று போட்ட கூச்சலை ஒரு நல்ல அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதெல்லாம் சேர்ந்துதான் ஒருவன் 'இங்கேயே இருக்கேன்' என்று சொல்லும் வாக்கியத்தைச் சாத்தியமாக்குகின்றன. தேர்வு என்பது மனசுக்குள் நடக்கும் ரகசியம் மட்டும் இல்லை. அதற்கு ஒரு பேருந்து வேண்டும், ஒரு மூட்டை அரிசி வேண்டும்.

பேருந்து என்றதும் இன்னொன்று. இன்று ஊரில் 'இருக்கிற' இளைஞர்களில் பலர் பகலில் ஊரில் இல்லை. விடியற்காலையில் திருப்பூர்க் கம்பெனி வண்டி சுற்றுப்பட்டுக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இரவில் இறக்கிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்டுக்கு ஷிப்டு இதே கதை. உழைப்பு நகரத்தில், உறக்கம் ஊரில். முதலாளிக்கு இது வசதி. தங்க இடம் கொடுக்க வேண்டாம், ஊரில் வாடகை இல்லாததால் குறைந்த சம்பளமும் கட்டுப்படியாகும். ஊர் அவனுக்காகக் கூலித் தொழிலாளியை இலவசமாகப் பராமரித்துக் கொடுக்கிறது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இல் எழுதிய 'கிராமமும் நகரமும்' நூலில், இவை இரண்டு தனி உலகங்கள் என்ற கற்பனையே ஒரே முதலாளியப் போக்கை மறைக்கும் திரை என்று வாதிட்டார். காலை ஐந்து மணிக்கு வந்து நிற்கும் கம்பெனி வண்டியைப் பார்த்தால் அந்தத் திரை கிழிந்து தொங்குவது தெரியும்.

5

இதுவரை நான் சொன்ன கணக்கைச் சாதி இல்லாமல் சொல்லிவிட்டேன். அண்ணன் மகனின் கணக்கில் வராத ஒன்று அவனுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவன் 'ஊர்'க்காரன். தெருவில் நடக்க, கோயிலில் நிற்க, டீக்கடையில் உட்கார அவன் கணக்குப் போட வேண்டியதில்லை. தமிழில் ஊர் என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல் நகரம் இல்லை, சேரி. 'ஊர்லதான் இருக்கான்' என்ற வாக்கியத்தைச் சேரியில் பிறந்தவனைப் பற்றிச் சொன்னால், இலக்கணப்படியே அது பொய்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தை அறியாமையின், குறுகிய புத்தியின் உறைவிடம் என்று கடுமையாகச் சாடினார். பெரியாரும் கிராமம் என்ற பிரிவே ஒழிய வேண்டும் என்று பேசியவர். காந்தியக் கிராமத்துக்கு எதிராக இவர்கள் வைத்த வாதத்தை மறுக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை. ஆகவே முற்போக்கு முகாமில் ஒரு சுலபமான முடிவு வந்துவிடுகிறது: தலித் இளைஞனுக்கு விடுதலை என்றால் வெளியேற்றம்தான், ஊரில் இருப்பது அடிமைத்தனம்தான். நானும் நெடுங்காலம் இப்படித்தான் நம்பினேன். இப்போது இதில் ஒரு விரிசல் தெரிகிறது.

2012 நவம்பரில் தருமபுரி மாவட்டம் நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. ஒரு சாதி மறுப்புத் திருமணம் சாக்கு. எரிந்தது எது? பெங்களூருக்கு வேலைக்குப் போய்ச் சம்பாதித்த காசில் கட்டிய வீடுகள், டிவி, பீரோ, வண்டி, சான்றிதழ்கள். அவர்கள் போனது ஊரை விட்டு ஒழிவதற்காக இல்லை. போய்ச் சம்பாதித்து வந்து, அதே இடத்தில் தலைநிமிர்ந்து இருப்பதற்காகப் போனார்கள். ஆதிக்க சாதிக்குப் பொறுக்காதது அவர்கள் போனது இல்லை. போயே போயிருந்தால் யாருக்கும் புகார் இருந்திருக்காது. திரும்பி வந்து மெத்தை வீடு கட்டி இருந்ததுதான் குற்றம்.

இந்த வெளிச்சத்தில் பின்னால் திரும்பிப் பார்த்தால் வேறு சில நிகழ்வுகளும் வேறு மாதிரி தெரிகின்றன. இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் தலித் குடும்பங்கள் கூட்டமாக இஸ்லாத்துக்கு மாறியபோது நாடே அதிர்ந்தது. கவனியுங்கள், அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை. ஊரில் இருந்தபடியே மதத்தை விட்டுப் போனார்கள். 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலித் ஒருவர் தலைவராக உட்கார முடியாமல் தேர்தல் தடுக்கப்பட்டது. 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் பதவிக்கு நிற்க வேண்டுமானால் முதலில் ஊரில் இருக்க வேண்டும். அந்த இருத்தலுக்காகத்தான் இத்தனை ரத்தம்.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய நூலில், ஒரு அமைப்பு கெடும்போது அதில் உள்ளவனுக்கு வெளியேற்றம், குரல் என்ற இரண்டு வழிகள் உண்டு என்றார். விசுவாசம் இவற்றுக்கு நடுவில் நின்று வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. நம் ஊருக்கு இதைப் பொருத்தினால் ஒரு திருத்தம் வேண்டும். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் விசுவாசிகள் இல்லை. விசுவாசம் துளியும் இல்லாமல், 'இது என் இடமும்தான்' என்று இருப்பவர்கள் உண்டு. அவர்களுடைய இருத்தலே குரல். அம்பேத்கரின் விமர்சனத்தை அவர்கள் பொய்யாக்கவில்லை. அதைச் செய்துகாட்டுகிறார்கள். கிராமம் குப்பைமேடு என்றால் அதைக் கூட்டுகிறவனும் அங்கேதான் இருக்க வேண்டியிருக்கிறது.

இதை வீரமாக்கிப் பாடவும் கூடாது. எரிகிற வீட்டில் இருப்பதுதான் போராட்டம் என்று நகரத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது அயோக்கியத்தனம். போகிறவன் போகட்டும். போவதும் அரசியல்தான்.

6

இன்னும் ஒருவர் பாக்கி. இந்தக் கட்டுரையில் 'இளைஞன்' என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். மொழி அப்படிக் கொண்டுபோய் விட்டது என்று தப்பிக்கலாம். ஆனால் மொழி மட்டும் காரணம் இல்லை. ஊரில் பிறந்த பெண் ஊரில் இருக்கப் போகிறவளாக யாராலும் கருதப்படுவதில்லை. 'இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவ' என்று பிறந்த அன்றே அவள் புறப்பாடு எழுதப்பட்டுவிடுகிறது. அத்தை மகன், மாமன் மகன் உள்ளூரிலேயே அமைந்தால் உண்டு. மற்றபடி அவள் ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு, தான் தேர்ந்தெடுக்காத இடத்துக்குப் போகிறாள். அங்கே போய் 'இருக்கிறாள்'. தமிழ்நாட்டின் மிகப் பெரிய புலப்பெயர்வு இதுதான். இதைப் புலப்பெயர்வு என்று சொன்னால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் நான்குக்குப் படிக்கிறேன் என்பார்கள். அது உண்மை. கூடவே அது ஒரு கேடயம். பரீட்சை எழுதும் வரை கல்யாணப் பேச்சைத் தள்ளிவைக்கலாம், தன் வீட்டில் தன் அறையில் இன்னும் ஒரு வருடம் இருக்கலாம். தங்குவதற்கான இடத்தை அவள் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தவணையில் வாங்குகிறாள். அண்ணன் 'கணக்குப் போட்டு' இருக்கிற அதே வீட்டில்தான் தங்கை இப்படி இருக்கிறாள். ஒரே கூரை, இரண்டு இலக்கணம்.

7

எனவே இளைஞர்கள் ஏன் கிராமத்தில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் தேடுவது வீண். அந்தப் பன்மையில் நிலம் எழுதிவைக்கப்பட்டவன் இருக்கிறான், வண்டி வந்து ஏற்றிப் போகிறவள் இருக்கிறாள், வீடு எரிக்கப்பட்ட இடத்திலேயே மறுபடி வீடு கட்டுகிறவன் இருக்கிறான், கல்யாணத்தைத் தள்ளிப்போடுகிறவள் இருக்கிறாள். நால்வரையும் 'கிராமத்து இளைஞர்' என்று ஒரே சொல்லில் கட்டினால் அந்தக் கட்டு முதலாமவனுக்குத்தான் லாபம். அவன் மீசையைத்தான் நாம் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தேர்வு என்ற சொல்லுக்கு ஒரு எளிய சோதனை வைக்கலாம். போக முடியுமா? போனால் திரும்பி வர முடியுமா? வந்தால் தலைநிமிர்ந்து இருக்க முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்லக்கூடியவன் மட்டுமே இருப்பதைத் தேர்ந்தெடுத்தவன். மற்றவர்களின் இருத்தலுக்கு வேறு பெயர்கள் வேண்டும்: சிக்கிக்கொள்ளுதல், உரிமை கோருதல், தவணை வாங்குதல், பாதுகாத்தல். இந்தப் பெயர்களை உண்டாக்குவது விமர்சனத்தின் வேலை. நம் சிறுபத்திரிகைகளில் எழுதுகிற பெரும்பாலோர் ஊரைவிட்டு வந்தவர்கள். ஒன்று, விட்டு வந்த ஊரை நினைத்து உருகினோம். அல்லது, விட்டு வந்தது சரிதான் என்று நிரூபித்துக்கொண்டிருந்தோம். இரண்டுமே நம்மைப் பற்றிய எழுத்து.

அண்ணன் மகனிடம் பேசிவிட்டுக் கிளம்பும்போது அவன் தங்கை உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. பேருந்து ஏறிய பிறகுதான் அது உறைத்தது. அடுத்த முறை முதலில் அவளிடம் கேட்க வேண்டும்: இரண்டு காணி நிலத்தில் உன் பெயர் இருக்கிறதா? இருந்தால் இங்கேயே இருப்பாயா?